கடலூர், புதுச்சேரிப் பக்கமிருந்து எம்.எட். படிக்க: விண்ணப்பம் முதல் ஆய்வேடு வரை முழு வழிகாட்டி

பி.எட். முடித்த கையோடு, வேலை கிடைக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று எம்.எட்.டில் சேர்ந்துவிடுவது கடலூர், விருத்தாசலம், பண்ருட்டி, புதுச்சேரிப் பக்கமெல்லாம் சகஜம். இரண்டு வருடம் ஓடி, பட்டம் கைக்கு வந்த பிறகுதான் "இதை வைத்துக்கொண்டு எந்த வேலைக்குப் போவது?" என்ற கேள்வி எழுகிறது. விண்ணப்பம் போடுவதற்கு முன்பே அதைக் கேட்டுக்கொண்டால் எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் தலைப்பு, எவ்வளவு மதிப்பெண் என்பதெல்லாம் தானாகத் தெளிந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

எம்.எட். எந்த வேலைக்கு?

எம்.எட். என்பது ஆசிரியர்களை உருவாக்குகிறவர்களுக்கான படிப்பு. பி.எட். கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆவது, மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளர் ஆவது (கடலூர் மாவட்டத்துக்கான நிறுவனம் வடலூரில் இருக்கிறது), கல்வியியலில் பிஎச்.டி. செய்வது, பாடத்திட்டம் பாடநூல் சார்ந்த பணிகளுக்குப் போவது, இவைதான் அதன் நேரான பாதைகள். தனியார் பள்ளிகள் சில தலைமை ஆசிரியர், ஒருங்கிணைப்பாளர் பொறுப்புக்கு எம்.எட். முடித்தவர்களை விரும்பி எடுப்பதும் உண்டு.

அரசுப் பள்ளி வேலைதான் குறி என்றால் கணக்கு வேறு. பட்டதாரி ஆசிரியர் பணிக்குப் பட்டம், பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி. முதுகலை ஆசிரியர் பணிக்கு அந்தப் பாடத்தில் முதுகலையும் பி.எட்.டும். இரண்டுக்குமே எம்.எட். கேட்பதில்லை. அப்படிப்பட்டவர்கள் அந்த இரண்டு வருடத்தையும் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு), டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வு) தயாரிப்பில் செலவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் உறுதியான கருத்து. வீட்டில் இருக்கும் மூத்த ஆசிரியர்கள் "எம்.எட். முடி, இன்கிரிமென்ட் வரும்" என்று சொல்லக்கூடும். அவர்கள் காலத்தில் அது உண்மை. உயர்கல்வித் தகுதிக்கு முன்கூட்டியே ஊதிய உயர்வு தரும் அந்த முறையைத் தமிழ்நாடு அரசு 2020-ல் நிறுத்திவிட்டது.

முதுகலை இருக்கிறதா?

பலர் இடறுகிற இடம் இது. எம்.எட். சேர்க்கைக்கு பி.எட்.டில் 50 சதவீதம் இருந்தால் போதும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு விதிப்படி தளர்வும் உண்டு. இளங்கலைப் பட்டத்தோடு டி.எல்.எட். (தொடக்கக் கல்விப் பட்டயம்) முடித்தவர்களும் இரண்டிலும் 50 சதவீதம் வைத்திருந்தால் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதிப்படி தகுதியானவர்களே. முதுகலை இல்லாமலேயே சேர்ந்துவிடலாம், படித்தும் முடித்துவிடலாம்.

ஆனால் பி.எட். கல்லூரியில் பாடம் நடத்த அந்தக் குழுமத்தின் 2014 விதிமுறைகள் கேட்பது இரட்டைத் தகுதி. கணிதம் கற்பித்தல், தமிழ் கற்பித்தல் போன்ற பாடங்களை நடத்த, அந்தத் துறையில் முதுகலையில் 55 சதவீதம், எம்.எட்.டிலும் 55 சதவீதம். கல்விக் கோட்பாட்டுப் பாடங்களுக்குச் சமூக அறிவியல் முதுகலையும் எம்.எட்.டும், அல்லது எம்.ஏ. கல்வியியலும் பி.எட்.டும், இங்கேயும் 55. இதற்கு மேல், உதவிப் பேராசிரியர் தகுதிக்கான தேசிய, மாநிலத் தேர்வுகளான நெட், ஸ்லெட் இவற்றில் ஒன்று அல்லது பிஎச்.டி.

ஆக பி.எஸ்சி., பி.எட்., எம்.எட். என்று மட்டும் வைத்திருக்கிறவர் கல்லூரிப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது முதுகலை என்ற கட்டத்தில் எழுத எதுவும் இருக்காது. முதுகலை இல்லாதவர்கள் முதலில் அதை முடியுங்கள், அப்புறம் எம்.எட். அவசரம் ஒன்றும் இல்லை. முதுகலையில் 53, 54 என்று நிற்கிறவர்கள் தங்கள் பல்கலைக்கழகத்தில் மதிப்பெண் உயர்த்தும் தேர்வு எழுத வழி இருக்கிறதா என்று இப்போதே விசாரியுங்கள். வருடங்கள் போகப் போக அந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

எங்கே படிப்பது?

இந்தப் பகுதியில் இருக்கிறவர்களுக்கு இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தெற்கே சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1929-ல் தொடங்கியது, இன்று தமிழ்நாடு அரசின் கையில் இருப்பது. வடக்கே, புதுச்சேரியிலிருந்து சென்னை போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம். 1985-ல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம். இரண்டிலும் கல்வியியல் துறை உண்டு. இவை தவிர புதுவைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்வியியல் கல்லூரிகளும், 2008-ல் உருவான தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளும் இருக்கின்றன.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று என்னைக் கேட்டால், இடம் கிடைக்குமானால் பல்கலைக்கழகத் துறைதான். அங்கே பிஎச்.டி. ஆய்வாளர்கள் பக்கத்து அறையில் உட்கார்ந்து வேலை செய்வார்கள். ஆய்வுக் கருவி (வினாப்பட்டியல்) தயாரிப்பது எப்படி, புள்ளியியல் எங்கே உதைக்கும் என்பதை அவர்களோடு டீக்கடையில் நின்று பேசியே பாதி கற்றுக்கொள்ளலாம். நூலகமும் பெரியது. எம்.எட். மட்டும் தனியாக நடக்கும் சிறிய கல்லூரியில் அந்தச் சூழல் அமைவது கடினம். நல்ல பேராசிரியர் இருவர் இருந்தால் சிறிய கல்லூரியும் நன்றாகவே இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். யார் பாடம் எடுக்கிறார்கள் என்று அங்கே படித்து முடித்த ஒருவரிடம் விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

போக்குவரத்தையும் யோசியுங்கள். கடலூரிலிருந்து சிதம்பரம் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறினால் சிதம்பரம் நிலையத்தில் இறங்கி நடந்தே வளாகத்துக்குள் போய்விடலாம். காலாப்பட்டுக்குப் புதுச்சேரி பஸ் நிலையத்தில் வண்டி மாற வேண்டியிருக்கும். தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் கழிந்தால் ஆய்வேடு எழுதும் நாட்களில் உடம்பு தாங்காது. நான்காம் செமஸ்டருக்காவது விடுதியில் இடம் கேட்டு வைப்பது நல்லது.

சேர்வதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை

கல்லூரிக்கு எம்.எட். நடத்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அந்தக் குழுமத்தின் இணையதளத்திலேயே பாருங்கள். பி.எட்.டுக்கு அங்கீகாரம் இருப்பதால் எம்.எட்.டுக்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி ஆணை, அதில் எத்தனை இடம் என்பதும் இருக்கும். ஒரு பிரிவுக்கு 50 பேர்.

தொலைநிலைக் கல்வியில் எம்.எட். என்று யாராவது விளம்பரம் காட்டினால் விலகிக்கொள்ளுங்கள். 2014 விதிமுறைகளில் தொலைநிலை வழியாக டி.எல்.எட்.டும் பி.எட்.டும் இடம்பெற்றிருக்கின்றன, எம்.எட். இல்லை. தொலைநிலையில் கிடைக்கும் எம்.ஏ. கல்வியியல் வேறு பட்டம். அதற்கும் மதிப்பு உண்டு, நெட் எழுதலாம், ஆனால் எம்.எட். என்று கேட்கும் இடத்தில் அதைக் காட்ட முடியாது.

"கல்லூரிக்கு வரவே வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வாருங்கள்" என்று சொல்லி ஆள் சேர்க்கிற இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே எம்.எட். முடிக்க நினைக்கிறவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். எம்.எட். முழுநேரப் படிப்பு. வருடத்துக்கு 200 வேலை நாள், வாரத்துக்கு 36 மணி நேரம். வகுப்புகளில் 80 சதவீத வருகை, களப்பணியில் 90 சதவீதம். ஒரே காலத்தில் பள்ளியில் பணி அனுபவச் சான்றும், கல்லூரியில் வருகைப் பதிவும் இருந்தால் நாளைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பில் இரண்டுமே கேள்விக்குள்ளாகும். பணியில் இருப்பவர்கள் விடுப்பும் துறை அனுமதியும் எழுத்தில் வாங்கிக்கொண்டு சேருங்கள்.

இன்னொன்று. 2015-16 முதல் எம்.எட். இரண்டு ஆண்டுப் படிப்பாக நடக்கிறது. 2025-ல் வெளியான புதிய வரைவு விதிமுறைகள் ஓராண்டு எம்.எட்.டை முன்வைத்தன. நீங்கள் சேரும் ஆண்டின் அறிவிப்பில் காலம் எவ்வளவு என்று போட்டிருக்கிறார்கள் என்பதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இந்த வழிகாட்டி இரண்டு ஆண்டுத் திட்டத்தை வைத்தே செல்கிறது.

நுழைவுத் தேர்வும் விண்ணப்பமும்

புதுவைப் பல்கலைக்கழகத் துறைக்கு க்யூட் பிஜி என்ற பொது நுழைவுத் தேர்வு. தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. இதில் நம் பிள்ளைகள் கோட்டை விடுவது பெரும்பாலும் தேதியில்தான். கல்லூரிச் சேர்க்கை என்றால் மே, ஜூன் என்று நினைத்திருப்போம். இதற்கு விண்ணப்பம் டிசம்பர், ஜனவரி வாக்கில் போய், மார்ச்சில் தேர்வே நடந்துவிடும். பி.எட். கடைசி செமஸ்டரில் இருக்கும்போதே விண்ணப்பித்தாக வேண்டும். தேர்வு எழுதிய பிறகு பல்கலைக்கழகத்தின் தளத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். மதிப்பெண் வந்தவுடன் அவர்களே கூப்பிடுவார்கள் என்று காத்திருந்து இடத்தை விட்டவர்கள் உண்டு.

தேர்வில் 75 கேள்வி, சரிக்கு 4, தவறுக்கு 1 கழியும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும். தமிழ் வழியில் பி.எட். படித்தவர்களுக்குப் பாடம் தெரிந்திருக்கும், கலைச்சொல் தெரியாமல் திணறுவார்கள். பியாஜேயின் வளர்ச்சிப் படிநிலைகளைத் தமிழில் மனப்பாடமாகச் சொல்கிறவர் ஆங்கிலப் பெயரைப் பார்த்ததும் நின்றுவிடுகிறார். அதற்கு வழி எளிது. பி.எட். பாடநூலில் வரும் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் எதிரே ஆங்கிலச் சொல்லை எழுதி ஒரு நோட்டு போடுங்கள். அந்த நோட்டு எம்.எட். முழுக்கவும், அப்புறம் நெட்டுக்கும் கூட வரும்.

அண்ணாமலையின் சேர்க்கையைப் பல்கலைக்கழகமே அறிவிக்கும். மற்ற கல்லூரிகளுக்கும் அந்தந்த ஆண்டின் அறிவிப்புதான் ஆதாரம்.

சான்றிதழ்களில் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன், மற்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. ஒன்று, மத்தியப் பல்கலைக்கழகத்தில் தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு இட ஒதுக்கீடு கேட்க முடியாது. மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ், வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்ற குறிப்போடு, அறிவிப்பில் கேட்டிருக்கும் நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் இதை முன்கூட்டியே போட்டு வையுங்கள். வருமானச் சான்று, பெற்றோர் ஆவணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள், வாரங்கள் ஓடிவிடும். இரண்டு, புதுச்சேரியில் பி.எட். படித்துவிட்டு சிதம்பரத்துக்குப் போகிறவர்களும், தமிழ்நாட்டில் படித்துவிட்டுப் புதுச்சேரிக்குப் போகிறவர்களும் டி.சி.யோடு இடப்பெயர்வுச் சான்றிதழும் (மைக்ரேஷன்) வாங்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களில் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்கள் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். தனியார் கல்லூரியில் கட்டணம் கேட்கும்போது முழு இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து, ஆய்வேட்டுக் கட்டணம், இன்டர்ன்ஷிப் கட்டணம் உட்பட, ரசீது கொடுப்பார்களா என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டு ஆண்டில் என்ன நடக்கும்?

மொத்தம் 80 கிரெடிட். கல்வித் தத்துவம், கல்வி உளவியல், கல்வியின் வரலாறும் சமூகவியலும், பாடத்திட்ட ஆய்வு, ஆசிரியர் கல்வி, ஆராய்ச்சி முறைகள், கல்வித் தொழில்நுட்பம் இவை பொது. அதற்கு மேல் தொடக்கக் கல்வி அல்லது இடைநிலை, மேல்நிலைக் கல்வி என்று ஒரு சிறப்புப் பிரிவு. சேர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும்.

பெரும்பாலோர் எளிதாக எடுத்துக்கொள்வது இன்டர்ன்ஷிப்பை. ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் ஒரு பகுதி 4 கிரெடிட், சிறப்புப் பிரிவு சார்ந்த களத்தில் இன்னொரு 4. முதலாவதைக் கையெழுத்துக்காக மட்டும் செய்யாதீர்கள். பி.எட். மாணவி ஒருவர் ஏழாம் வகுப்பில் பின்னம் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அவர் கேட்ட கேள்விகளை வரிசையாக எழுதுகிறீர்கள். பீரியட் முடிந்து எண்ணிப் பார்த்தால் பெரும்பாலானவை "புரிஞ்சுதா?" என்பதாகவே இருக்கும். பதில் சொன்னதும் முதல் பெஞ்சு பிள்ளைகள் மட்டுமே. அதை அந்த மாணவியிடம் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது, அடுத்த வகுப்புக்கு என்ன மாற்றச் சொல்வது? ஆசிரியர் கல்வியாளரின் வேலையே அதுதான். அதைப் பழக அந்தச் சில வாரங்களை விட்டால் வேறு இடம் கிடைக்காது.

ஆய்வேடு

எம்.எட்.டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 8 கிரெடிட் என்று எண்ணில் சிறிதாகத் தெரியும். ஆனால் பிஎச்.டி. நேர்முகம், கல்லூரி வேலைக்கான நேர்காணல் இரண்டிலும் முதலில் கேட்பது "உங்கள் ஆய்வேடு எதைப் பற்றி?" என்பதைத்தான்.

தலைப்பிலிருந்து தொடங்குவோம். "உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் மனவெழுச்சி நுண்ணறிவும் கல்வி அடைவும்" என்ற ரகத் தலைப்புகள் துறை நூலகத்தில் அடுக்கடுக்காக இருக்கும். ஆண் பெண் வேறுபாடு, நகரம் கிராமம் வேறுபாடு, அரசு தனியார் வேறுபாடு என்று அதே கட்டங்கள். தயவுசெய்து இன்னொன்றைச் சேர்க்காதீர்கள். நம்மைச் சுற்றியே கேட்கப்படாத கேள்விகள் கிடக்கின்றன. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சிபிஎஸ்இ-க்கு மாறியிருக்கின்றன. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியர்களும் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்றாம் வகுப்பு படித்த குழந்தை நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு வரும்போது வாசிப்பு எப்படி இருக்கிறது? கடற்கரைக் குப்பங்களில் மீன்பிடித் தடைக்காலத்துக்கும் பள்ளி வருகைக்கும் தொடர்பு உண்டா? பண்ருட்டிப் பக்கம் முந்திரிப் பருவத்தில் எந்த வகுப்புப் பிள்ளைகள் அதிகம் விடுப்பு எடுக்கிறார்கள்? இவற்றில் ஒன்றை எடுத்து நான்கைந்து பள்ளிகளுக்குள் அடக்கினால் அருமையான ஆய்வேடு கிடைக்கும்.

தலைப்பு முடிவானதும் கேள்வியை ஒரே வரியில் எழுதிக் கைடிடம் காட்டுங்கள். ஒரு வரிக்குள் வரவில்லை என்றால் கேள்வி இன்னும் பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம். முன் ஆய்வுகளுக்கு சோத்கங்காவில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கலாம். எரிக் தளத்தில் உலக அளவிலான கல்வி ஆய்வுகள் கிடைக்கும். படிக்கிற ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர், ஆண்டு, மாதிரி (ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஆட்கள்), கருவி, முடிவு என்று ஐந்து பத்தி போட்ட எக்செல் பக்கம் ஒன்று வைத்துக்கொண்டால் முன் ஆய்வுகளைச் சொல்லும் இரண்டாம் அத்தியாயம் பாதி எழுதியது போலத்தான்.

அடுத்தது கருவி, அதாவது வினாப்பட்டியல். நிறைய ஆய்வேடுகள் சாகிற இடம். ஆங்கிலத்தில் தரப்படுத்திய கருவியை எடுத்துத் தமிழாக்கி, அப்படியே நகலெடுத்து வகுப்பில் கொடுத்துவிடுகிறார்கள். "கணிதம் எனக்கு விருப்பமில்லாத பாடம் என்று கூற இயலாது" என்று ஒரு கூற்று, எதிரே ஐந்து கட்டம். ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுந்து "டீச்சர், எனக்குக் கணக்கு புடிக்கும். அப்போ எதுல டிக் போடணும்?" என்று கேட்கிறாள். கேட்கத் துணிவில்லாத மற்றவர்கள் நடுக்கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டே போகிறார்கள். பக்கத்தில் இருப்பவன் அதைப் பார்த்துத் தானும் போடுகிறான். இந்தத் தாள்களை எந்த மென்பொருளில் போட்டுக் கணக்கிட்டாலும் வருவது வெறும் எண்.

அதனால் கூற்றுகளை அந்த வயதுப் பிள்ளை பேசுகிற தமிழுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். இரட்டை எதிர்மறை வேண்டாம். ஒரு கூற்றில் ஒரு கருத்து. துறைப் பேராசிரியர் சிலரோடு, அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கும் பள்ளி ஆசிரியர் ஒருவரிடமும் காட்டித் திருத்துங்கள். அப்புறம் உங்கள் மாதிரியில் இல்லாத ஒரு பள்ளியில் முப்பது, நாற்பது பேரிடம் முன்னோட்டம் பாருங்கள். எல்லோரும் ஒரே பதில் சொல்லும் கூற்றையும், யாருக்கும் புரியாத கூற்றையும் நீக்கிவிட்டு நம்பகத்தன்மையைக் கணக்கிடுங்கள்.

பள்ளிகளுக்குள் போக அனுமதி வேண்டும். தமிழ்நாட்டில் பல பள்ளிகள் என்றால் முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகம், புதுச்சேரியில் பள்ளிக் கல்வி இயக்ககம். துறைத் தலைவரின் கடிதம், வினாப்பட்டியலின் பிரதி, பள்ளிகளின் பட்டியல் மூன்றையும் இணைத்துக் கொடுங்கள். காலத்தைச் சரியாகக் கணியுங்கள். நவம்பர், டிசம்பரில் கடலூரில் மழை விடுமுறை எப்போது அறிவிப்பார்கள் என்று சொல்லவே முடியாது, அரையாண்டுத் தேர்வும் அப்போதுதான். ஜனவரியில் பொங்கல், பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத் தேர்வு. ஆகவே தரவு சேகரிப்பை ஆகஸ்ட் முதல் அக்டோபர் முதல் பாதிக்குள் முடித்துவிடுகிற மாதிரி, மூன்றாம் செமஸ்டர் தொடங்கும்போதே கருவியைத் தயாராக வையுங்கள்.

புள்ளியியலைக் கண்டு மிரள வேண்டாம். எம்.எட். அளவில் சராசரி, திட்ட விலக்கம், டி-சோதனை, மாறுபாட்டுப் பகுப்பாய்வு, ஒட்டுறவு இவற்றைப் புரிந்து பயன்படுத்தினால் போதும். ஜமோவி, பிஎஸ்பிபி இரண்டும் இலவச மென்பொருள்கள். காசு கொடுத்து வெளியில் "அனாலிசிஸ்" செய்து வாங்குகிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் "ஏன் இந்தச் சோதனை?" என்று கேட்டால் பதில் உங்களிடம் இருக்க வேண்டும்.

எழுத்துத் திருட்டு விஷயத்தில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் 10 சதவீதம் வரை ஒப்புமையைப் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் திருத்தித் தரச் சொல்வதில் ஆரம்பித்து, 60-ஐத் தாண்டினால் பதிவையே ரத்து செய்வது வரை போகும்.

நெட் தேர்வு

படிப்பு முடியட்டும், அப்புறம் நெட் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். கடைசி ஆண்டில் இருப்பவர்களும் நெட் எழுதலாம். பாட எண் 09, கல்வியியல். முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, மொத்தம் மூன்று மணி நேரம், தவறுக்கு மதிப்பெண் கழியாது. இரண்டாம் தாளின் பத்து அலகுகளை எம்.எட். பாடத்திட்டத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆராய்ச்சி முறை, ஆசிரியர் கல்வி, பாடத்திட்டம், உள்ளடக்கிய கல்வி என்று பெரும்பகுதி ஒன்றேதான். செமஸ்டர் தேர்வுக்குப் படிக்கும்போதே அந்த அலகின் பழைய நெட் கேள்விகளையும் போட்டுப் பழகினால் தனி உழைப்பு குறையும். நெட் செல்லுபடியாக எம்.எட்.டில் 55 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கு 50. நெட்டில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்து பிஎச்.டி. சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. அதற்கு மட்டும் வயது வரம்பு 30, விதிப்படி தளர்வு உண்டு.

வைவா முடிந்த அன்றே நிரப்பிய வினாப்பட்டியல்களையும் தரவுக் கோப்பையும் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். கைடோடு பேசி, ஆய்வேட்டின் முக்கிய முடிவை மட்டும் எடுத்து ஒரு கட்டுரையாக எழுதுங்கள். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் அச்சிட்டுத் தருகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களுக்குக் கொடுக்காமல், துறையில் ஆசிரியர்கள் உண்மையில் படிக்கிற இதழுக்கு அனுப்புங்கள். நீங்கள் போய் உட்கார்ந்து தரவு எடுத்த அந்த நான்கைந்து பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும் இரண்டு பக்கத்தில், எளிய தமிழில், என்ன தெரிய வந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.